இடக்கால் குழியும் ஒரு துரும்பும்

கரட்டு மலையின் சரிவில் நான்கு கற்குழிகள் இருந்தன. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. தூரத்தில் நின்று பார்த்தால் ஓர் ஆள் மலைமேல் மல்லாந்து படுத்திருப்பது போலத் தெரியும். அதனால் காட்டு விலங்குகள் அவற்றைத் தலைக்குழி, வயிற்றுக்குழி, இடக்கால் குழி, வலக்கால் குழி என்று அழைத்தன.

மலை உச்சியில் மழை பெய்தால் தண்ணீர் முதலில் தலைக்குழியில் விழும். அங்கிருந்து வயிற்றுக்குழிக்கு இறங்கும். வயிற்றுக்குழியிலிருந்து இரண்டு கால்களுக்கும் பாறையில் வெட்டியதுபோல் இரண்டு வாய்க்கால்கள் போயின.

மலையடியில் கூரன் என்ற முள்ளம்பன்றி வாழ்ந்தான். அவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு புதிர்தான் தெரியும். ஆனால் அந்த ஒன்றை வைத்துக்கொண்டே காட்டில் பெரிய மேதாவி என்று பெயர் வாங்கிவிட்டான்.

உதிர்ந்த தன் முள் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு ஈர மண்ணில் படம் போடுவான். நான்கு வட்டம், நடுநடுவே கோடுகள். போகிற வருகிறவர்களை நிறுத்துவான்.

"தலையில தண்ணி விழுது. முதல்ல எந்தக் குழி நிரம்பும்? சொல்லு பார்க்கலாம்."

"தலைக்குழிதான். அதுலதானே முதல்ல விழுது" என்று முயல் சொல்லும்.

"தலைக்குழிக்கு அடியில ஓட்டை. தண்ணி நிக்காது. அடுத்து?"

"அப்ப வயித்துக்குழி" என்று மான் சொல்லும்.

"வயித்துக்கும் ஓட்டை. ஒண்ணு இல்லை, ரெண்டு. போங்க, போய்ப் புல்லைத் தின்னுங்க!" என்று கூரன் முள்ளெல்லாம் குலுங்கச் சிரிப்பான். பிறகுதான் விடையைச் சொல்லுவான்.

"வயித்துலேர்ந்து இடக்காலுக்குப் போற வழி தரையோட தரையா இருக்கு. வலக்காலுக்குப் போற வழி ஒரு சாண் மேல இருக்கு. தண்ணி ஒரு சாண் ஏறுறதுக்குள்ள இடது பக்கமா ஓடிடும். அதனால எப்பவும் இடக்கால் குழிதான் முதல்ல நிரம்பும்."

விடையில் தப்பில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மழையில் மேலே உட்கார்ந்து, நனைந்து, தும்மிக்கொண்டே அவன் கண்டுபிடித்தது அது. அதற்குப் பிறகு அவன் மலை ஏறவே இல்லை. கிழங்கு தின்று உடம்பு கனத்துவிட்டது. "அதான் படம் இருக்கே, அப்புறம் மலை எதுக்கு?" என்பான்.

அந்த ஆண்டு சித்திரை வெயில் காட்டையே வறுத்தெடுத்தது. நான்கு குழிகளும் காய்ந்தன. அடிவாரத்தில் ஒரே ஒரு சேற்றுப் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. அதில் செல்லி என்ற விரால் மீன் தன் குஞ்சுகளோடு இருந்தாள். நாற்பது குஞ்சுகள். விரால் குஞ்சுகள் சிவப்பாக இருக்கும். நாற்பதும் ஒன்றாகச் சேர்ந்து அம்மாவின் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் காலையில் செல்லியின் முதுகு தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. மத்தியானத்தில் பாதி உடம்பு தெரிந்தது. தண்ணீர் சுட்டது. குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூடின.

அந்த நேரத்தில் மலை உச்சியில் மேகம் கூடியது.

"மழை!" என்று விலங்குகள் துள்ளின.

செல்லி துள்ளவில்லை. "அது கோடை மேகம். உச்சியில மட்டும் பெய்ஞ்சுட்டுக் கலைஞ்சிடும். இந்தப் பள்ளத்துக்கு ஒரு சொட்டுகூட வராது. சாயங்காலத்துக்குள்ள இது காய்ஞ்சிடும். என் பிள்ளைங்களை யாராவது தண்ணி இருக்கிற இடத்துல விட்டுடுங்க" என்று கெஞ்சினாள்.

குரங்கு ஒன்று முன்னால் வந்தது. எங்கே போனாலும் ஒரு காய்ந்த சுரைக்குடுக்கையைத் தூக்கிக்கொண்டே திரிவதால் அவன் பெயரே குடுக்கை. "அக்கா, இதுல உங்க எல்லாரையும் அள்ளிட்டுப் போறேன். ஆனா குடுக்கை கீறல் விட்டிருக்கு. ஒழுகும். ஒரு குழி வரைக்கும்தான் தாங்கும்" என்றான்.

எந்தக் குழி?

அதுதான் கேள்வி. கோடை மழை ஒரு குழியை நிரப்பினாலே பெரிய விஷயம். இடக்காலுக்கும் வலக்காலுக்கும் நடுவே பெரிய பாறைத் திட்டு கிடக்கிறது. தப்பான குழிக்குப் போய்விட்டால் சுற்றிக்கொண்டு மற்றதற்குப் போவதற்குள் குடுக்கை காலியாகிவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் கூரனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த நாளுக்காகவே பிறந்தவன் போலக் கூரன் நிமிர்ந்து நடந்து வந்தான். பள்ளத்தின் ஓரத்து ஈர மண்ணில் முள்ளால் படம் போட்டான். தலை, வயிறு, இரண்டு கால். வயிற்றிலிருந்து தாழ்வாக ஒரு கோடு இடது பக்கம். உயரமாக ஒரு கோடு வலது பக்கம்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? இடக்கால்" என்றான்.

குடுக்கை குனிந்து படத்தைப் பார்த்தான். "அண்ணே, இடக்கால் வழியில குறுக்க ஏதோ கிடக்கே?"

"அது துரும்புடா. காத்துல பறந்து வந்து விழுந்திருக்கு." கூரன் மூக்கால் ஊதித் தள்ளினான். துரும்பு பறந்து போனது. கோடு சுத்தமாகத் தெரிந்தது.

செல்லிக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, உங்க படத்தைக் குறை சொல்லலை. நாற்பது உசிரு. யாராவது ஒரு தடவை மேல போய் வழியைப் பார்த்துட்டு வந்துட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்."

கூரனின் முகம் சுருங்கியது. "என் மேல நம்பிக்கை இல்லையா? சரி, உன் திருப்திக்கு அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு ஆள்காட்டிக் குருவியைக் கூப்பிட்டான்.

ஆள்காட்டியின் பெயர் தித்தி. காட்டில் யார் எங்கே நடமாடினாலும் முதலில் கத்துகிறவள் அவள்தான். இலை விழுந்தாலும் கத்துவாள், புலி வந்தாலும் கத்துவாள். அதனால் அவள் கத்துவதை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. வயிற்றுக்குழிக்குப் பக்கத்துச் சரளைக் கற்களுக்கு நடுவே அவள் மூன்று முட்டை இட்டிருந்தாள். எப்படியும் அங்கேதான் போக வேண்டும்.

"இடக்காலுக்குப் போற வழி எப்படி இருக்குன்னு பார்த்துட்டுச் சொல்லு" என்றான் கூரன்.

தித்தி பறந்தாள். அதற்குள் உச்சியில் மழை பிடித்துக்கொண்டது. தலைக்குழியில் தண்ணீர் விழும் ஓசை அடிவாரம் வரைக்கும் கேட்டது.

தித்தி வாய்க்காலோரம் இறங்கி நடந்தாள். இடது வாய்க்காலின் பாதியில் மண் கெட்டியாக உயர்ந்து நின்றது. உள்ளே இருந்து குரல் வந்தது. "யாரது, என் வீட்டு மேல நடக்கிறது?"

"நான்தான், தித்தி. இந்த வழி எப்படி இருக்கு?"

உள்ளே இருந்தது வளையன் என்ற நண்டு. "அடைச்சாச்சு! சித்திரை பிறந்ததும் அடைச்சாச்சு. வருஷா வருஷம் அடைக்கிறதுதானே? அடைக்கலைன்னா என் ஈரமெல்லாம் வெயில் குடிச்சிடும். ஐப்பசி வந்தா திறப்பேன். இப்ப போய்த் தொலை, தூங்கணும்."

தித்தி பதறிப்போனாள். அலறிக்கொண்டே கீழே பறந்தாள். பாதி வழியில் பெரிய மழைத்துளி ஒன்று அவள் முதுகில் அடித்தது. முட்டைகள் நனைந்துவிடுமே! நடுவானத்திலேயே நின்று, இருக்கிற தொண்டையையெல்லாம் திரட்டிக் கத்தினாள்.

"இடக்காலு! இடக்காலு! அடைச்சாச்சு! அடைச்சாச்சு!"

கத்திவிட்டுத் திரும்பி முட்டைகளிடம் ஓடிவிட்டாள்.

அதே நேரத்தில் இடி உருண்டது.

"என்ன சொன்னா?" என்று குடுக்கை கேட்டான்.

கூரன் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு. "அடைஞ்சாச்சுன்னு சொன்னா! தண்ணி இடக்காலுக்குப் போய் அடைஞ்சாச்சு! நான் சொன்னேனா இல்லையா?"

ஒரே ஓர் எழுத்துதான் மாறியது. அவன் நாலு வருஷமாகக் கேட்க ஆசைப்பட்டது எதுவோ அதுவே அவன் காதில் விழுந்தது.

செல்லி சேற்றிலிருந்து தலையைத் தூக்கினாள். "அண்ணே, அவ அடைச்சாச்சுன்னு சொன்ன மாதிரி இருந்துச்சே..."

"தண்ணிக்குள்ள இருக்கிற காதும்மா உனக்கு. கரையில பேசுறது உனக்கு எங்கே சரியா கேட்கப் போகுது? குடுக்கை, நேரமாகுது. கிளம்பு!"

செல்லி அதற்குமேல் பேசவில்லை. உதவி கேட்டு நிற்கிறவளால் எத்தனை தரம்தான் சந்தேகப்பட முடியும்?

குடுக்கை மிச்சத் தண்ணீரோடு குஞ்சுகளையும் அம்மாவையும் அள்ளினான். சுரையின் கீறலில் தண்ணீர் சொட்டச் சொட்டப் பாறைகளில் தாவி ஓடினான். இடக்கால் குழி ஆழமானது. இரண்டு ஆள் ஆழம். அதன் விளிம்பில் புதர் மண்டி உள்ளே ஒரே இருட்டாக இருந்தது. சுவர்கள் வழவழவென்று இருக்கும். உள்ளே விழுந்த எதுவும் தானாக ஏறி வந்ததில்லை.

அவன் விளிம்பில் நின்று குடுக்கையைக் கவிழ்த்தான்.

தண்ணீரில் மீன் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

சொத். சொத். சொத்.

தண்ணீர்ச் சத்தம் அல்ல அது. சேற்றில் விழும் சத்தம்.

குடுக்கையின் கையிலிருந்து சுரைக்குடுக்கை நழுவி உருண்டது. அவன் புதரை விலக்கிப் பார்த்தான். அடியில் கையளவு ஈரச் சேறு. அதன் மேல் சிவப்புச் சிவப்பாக நாற்பது குஞ்சுகள் துடித்துக்கொண்டிருந்தன.

"கூரண்ணே!" என்று அவன் அலறியது மலை முழுக்கக் கேட்டது. "தண்ணியே இல்லை! ஒரு சொட்டு இல்லை!"

அடிவாரத்தில் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மானின் வாயில் இருந்த புல் கீழே விழுந்தது.  அப்போது பாறைத் திட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் ஓசை தெளிவாகக் கேட்டது. சளசளவென்று தண்ணீர் விழும் ஓசை.

வலக்கால் குழி நிரம்பிக்கொண்டிருந்தது.

கூரன் தன் படத்தைப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். படத்தில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவனுக்குப் பயங்கரமாக இருந்தது. "அடைச்சாச்சு" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான். அவனுடைய முட்களெல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

அடுத்த நொடி அவன் ஓடினான். நாலு வருஷமாக ஏறாத மலையில் மூச்சிரைக்க, கால் வழுக்க, மோவாய் பாறையில் இடிக்க ஏறினான்.

இதற்கிடையில் குடுக்கை குழிக்குள் குதித்துவிட்டான். திரும்பி ஏற முடியாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் குதித்தான். செல்லி தன் உடம்பால் சேற்றை இழுத்து இழுத்து ஒரு சின்ன வரப்பு போட்டாள். அதில் விரல் கனத்துக்கு நீர் ஊறியது. குடுக்கை குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அந்த ஈரத்தில் விட்டான். சில குஞ்சுகள் அவன் உள்ளங்கையிலேயே அசைவதை நிறுத்திவிட்டன.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க" என்று அழுதான்.

"அழு. அந்தக் கண்ணீரையும் இதுலயே விடு" என்றாள் செல்லி.

கூரன் இடக்கால் பக்கமிருந்து காய்ந்த வாய்க்காலில் மேல்நோக்கி ஏறி வந்தான். பாதி வழியில் மூக்கு ஒரு சுவரில் மோதியது. வெயிலில் செங்கல்லாகச் சுட்டுப்போன சேறு. அதற்கு அந்தப் பக்கம் வயிற்றுக்குழியின் தண்ணீர் நின்று முட்டிக்கொண்டிருந்தது. அவன் நகத்தால் தோண்டத் தொடங்கினான்.

"எவன்டா என் வீட்டை இடிக்கிறது?" என்று உள்ளேயிருந்து வளையன் கத்தினான்.

"நான்தான், கூரன். வழியைத் திற! விரால் குஞ்செல்லாம் இடக்கால் குழியில சாகுது!"

"காய்ஞ்ச குழியில அதுங்களைக் கொண்டுபோய் விட்டது எவன்?"

கூரன் இன்னும் வேகமாகத் தோண்டினான்.

"அடைச்சாச்சுன்னு தொண்டை கிழியச் சொன்னேனே! அந்தக் குருவி வந்து சொல்லலையா?"

"சொன்னா."

"அப்புறம்?"

"நான் அடைஞ்சாச்சுன்னு கேட்டேன்."

 உள்ளே கொடுக்குகள் மண்ணைக் கீறும் ஓசை கேட்டது. சித்திரையிலிருந்து ஐப்பசி வரைக்கும் குடியிருக்கக் கட்டிய வீட்டை வளையன் உள்ளேயிருந்து இடிக்கத் தொடங்கிவிட்டான். கூரனின் நகம் இரண்டு பெயர்ந்தது. அவன் நிறுத்தவில்லை.

சுவரில் ஒரு துளை விழுந்தது. துளை வழியே ஒரு நூல் தண்ணீர் வந்தது. நூல் கயிறானது. அப்புறம் மொத்தச் சுவரும் பெயர்ந்தது. தண்ணீர் நண்டையும் முள்ளம்பன்றியையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போய் இடக்கால் குழிக்குள் தள்ளியது.

குழி நிரம்பியது. குரங்கு மிதந்து மேலே வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கூரனின் முட்கள் உள்ளே வெறுமையானவை, அதனால் அவனும் மிதந்தான். மிரண்டுபோன குஞ்சுகள் வேறு இடம் தெரியாமல் அவன் முட்களுக்கு நடுவே போய் ஒளிந்துகொண்டன.

"அசையாதீங்க" என்றாள் செல்லி. "எண்ணணும்."

கூரன் மூச்சைக்கூட இழுக்காமல் மிதந்தான். செல்லி அவனைச் சுற்றி வந்து எண்ணினாள். ஒரு முறை எண்ணினாள். நம்பாமல் இன்னொரு முறை எண்ணினாள். சேற்றடியில் போய்த் தேடிவிட்டு வந்து மூன்றாவது முறை எண்ணினாள்.

"இருபத்தொன்பது" என்றாள்.

கரையில் வந்து கூடிய விலங்குகள் தலையைக் குனிந்துகொண்டன. பதினொரு குஞ்சுகள் போய்விட்டன. வாயாடி தித்தி அன்று முழுக்க ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

"நான்..." என்று கூரன் ஏதோ சொல்ல வந்தான்.

"உங்க விடை தப்புன்னு நான் சொல்ல மாட்டேன் அண்ணே" என்றாள் செல்லி. "ஐப்பசியில அது சரியாத்தான் இருக்கும். ஆனா என் பிள்ளைங்க செத்தது சித்திரையில." அதைச் சொல்லிவிட்டு மிச்சக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் கூரன் பல நாள் படமே போடவில்லை. ஐப்பசி வந்தது. மேகம் திரண்டது. ஒரு நாள் முயல் அவனைத் தேடி வந்தது.

"கூரண்ணே, அந்தப் புதிரைக் கேளுங்களேன். எனக்கு இப்ப விடை தெரியும்."

கூரன் முள்ளை எடுத்துப் படம் போட்டான். தலை, வயிறு, இரண்டு கால். பிறகு தரையில் தேடி ஒரு துரும்பைப் பொறுக்கினான். அதை இடக்கால் வழியின் குறுக்கே வைத்தான்.

"எந்தக் குழி முதல்ல நிரம்பும்?" என்று கேட்டான்.

முயல் துரும்பைப் பார்த்தது. கூரனைப் பார்த்தது. "தெரியலையே அண்ணே. அது நிஜமாவே அடைச்சிருக்கா, சும்மா விழுந்து கிடக்கா?"

"எனக்கும் தெரியலை" என்றான் கூரன். "வா, மேல ஏறிப் பார்த்துட்டு வந்து சொல்லலாம்."

இரண்டு பேரும் மலை ஏறினார்கள்.

நேரில் போய்ப் பார்க்காமலும், பார்த்தவர் சொன்னதை ஒழுங்காகக் கேட்காமலும், தனக்குத் தெரிந்த விடையையே பிடித்துக்கொண்டு நிற்பவன் செய்யும் தவறுக்கு, அவனை நம்பியவர்களே விலை கொடுக்கிறார்கள்.